தொட்டிலும் அதற்கு முன்னும்: சேலம், நாமக்கல் சமவெளியில் பெண் சிசுக்கொலைத் தடுப்பு

1991ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். தமிழகத்தின் சராசரி அப்போது 948. மாநிலத்திலேயே மிகக் குறைந்த விகிதம் சேலத்தினுடையது. நாமக்கல் அன்று தனி மாவட்டம் அல்ல. 1997 சனவரியில்தான் அது சேலத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. ஆகவே மேட்டூர், ஓமலூர், எடப்பாடி முதல் ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் வரை காவிரிக்கும் சரபங்காவுக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் இடைப்பட்ட பெரும் நிலப்பரப்பைக் குறித்த எண் இது. பெண்கள் மீதான வன்முறை பிறந்த முதல் வாரத்திலேயே, சில வீடுகளில் முதல் இரவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டிய நிலையை இந்த எண் உண்டாக்கியது.

இந்த இடைவெளியை இயற்கையின் மேல் சுமத்த முடியாது. மனித இனத்தில் பெண்ணைவிட ஆண் சற்றுக் கூடுதலாகப் பிறப்பது உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் பிறந்தபின் தாக்குப்பிடிக்கும் வலிமை பெண் குழந்தைக்கே அதிகம். ஒரே அளவு பாலும் கவனிப்பும் கிடைக்கும் இடத்தில் பிறந்த முதல் நாட்களில் இறப்பவர்களில் ஆண் குழந்தைகளே கூடுதலாக இருப்பார்கள். ஓர் ஊரில் முதல் வாரத்தில் பெண் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள் என்றால், அந்த இறப்புகளில் ஒரு பகுதிக்கு நோய் காரணமல்ல. வீட்டார் சொல்லும் காரணங்கள் 'பால் குடிக்கவில்லை', 'இழுப்பு வந்தது', 'சவலைப் பிள்ளை' என்பவையாகவே இருந்தன. வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில் அவற்றைச் சரிபார்க்க யாரும் இல்லை.

தமிழகத்தில் பெண் சிசுக்கொலை பொதுவெளியில் பெரிய அளவில் பேசப்பட்டது 1986இல். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி ஓர் ஆங்கில இதழ் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' திரைப்படம் அதே பொருளைத் திரைக்குக் கொண்டுவந்தது. இவற்றின் விளைவாக ஒரு தவறான எண்ணமும் வேரூன்றியது. இது உசிலம்பட்டியின் பழக்கம், அதுவும் ஒரு குறிப்பிட்ட சாதியின் பழக்கம் என்று மற்ற ஊர்கள் ஒதுங்கிக்கொண்டன. சேலத்தின் எண் அந்த ஆறுதலைக் கலைத்தது. மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து சேலம், தருமபுரி வழியாக வட ஆர்க்காடு வரை தொடர்ச்சியான ஒரு பட்டையாகவே இக்கொடுமை இருந்தது. நிலமுள்ள சாதிகளிடமும் இருந்தது, அவர்களைப் பார்த்துச் சீர் முறைகளை மாற்றிக்கொண்ட மற்றவர்களிடமும் இருந்தது.

வறுமையை மட்டும் காரணமாகச் சொல்வது இந்தச் சமவெளிக்குப் பொருந்தாது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. பிறகு கிணற்றுப் பாசனம், மின்மோட்டார், மஞ்சள், கரும்பு, மரவள்ளி, சேகோ ஆலைகள், விசைத்தறி, நாமக்கல்லின் லாரித் தொழிலும் கோழிப் பண்ணைகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு வண்டிகள் என்று கையில் காசு புரளும் வழிகள் பெருகின. காசு பெருகிய வேகத்திலேயே கல்யாணச் செலவும் பெருகியது. திரட்டி எனும் பூப்புச் சடங்கு, நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு, முதல் பிரசவம், பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து என்று பெண்ணைப் பெற்றவர் வாழ்நாள் முழுதும் சீர் கொண்டுபோக வேண்டியிருந்தது. பவுன் கணக்கு தலைமுறைக்குத் தலைமுறை ஏறியது. நிலம் துண்டாகக் கூடாது என்பதால் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் வழக்கமும் கொங்கு நாட்டில் மற்ற பகுதிகளுக்கு முன்பே வந்துவிட்டது. அந்த ஒன்றோ இரண்டோ ஆணாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் சேர்ந்தபோது, இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறந்த பெண் குழந்தையின் உயிர் ஆபத்துக்குள்ளானது. முதல் பெண் குழந்தையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தவள் பிறக்கும்போது வீடு அமைதியாகிவிடும்.

இந்தக் கொலைகளுக்கு எதிரான குற்றவியல் சட்டம் நெடுநாளாகவே இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1795இலேயே வங்காள மாகாண ஒழுங்குவிதி ஒன்றின் மூலம் பெண் சிசுக்கொலையைக் கொலைக்குற்றம் என்று அறிவித்தது. 1870இல் தனிச்சட்டமும் இயற்றியது. அவை குறிவைத்தது வட இந்தியக் குடும்பங்களையே. தமிழகத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள்தான் பொருந்தின: கொலைக்கு 302, குழந்தை உயிரோடு பிறப்பதைத் தடுத்தல் அல்லது பிறந்தபின் சாகச் செய்தலுக்கு 315, குழந்தையைக் கைவிடுதலுக்கு 317, பிறப்பை மறைத்துப் பிணத்தை அகற்றுதலுக்கு 318. வழக்குப் பதிவானபோது பெரும்பாலும் கைதானவர் தாய், சில வேளைகளில் பாட்டி. பிரசவித்துச் சில நாட்களே ஆன, ஒப்புதல் சொல்லவோ மறுக்கவோ வீட்டில் குரலே இல்லாத பெண் சிறைக்குப் போனாள். சீர் கேட்டவர்களும், 'இதுவும் பொட்டப்புள்ளையா' என்று முகம் திருப்பிய கணவனும் வழக்கின் ஏட்டில் இடம்பெறவில்லை. தண்டனை அதற்குரியவரைச் சென்றடையவில்லை என்பதோடு, கைது அச்சம் இறப்புகளை இன்னும் ஆழமாக மறைக்கவே செய்தது.

இந்தப் பின்னணியில்தான் 1992இல் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசிடம் விட்டுவிடலாம், யார் என்று கேட்கமாட்டார்கள் என்பதே திட்டத்தின் சாரம். அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், குழந்தைகள் இல்லங்கள் ஆகியவற்றின் வாசலில் தொட்டில்கள் வைக்கப்பட்டன. வந்த குழந்தைக்கு முதலில் மருத்துவக் கவனிப்பு, பிறகு வரவேற்பு மையம், அதன்பின் உரிமம் பெற்ற நிறுவனங்களின் வழியே தத்து என்று ஒரு பாதை வகுக்கப்பட்டது. தாய் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறவும் வாய்ப்பிருந்தது.

முதல் ஆண்டுகளில் வந்த குழந்தைகள் மிகச் சிலர். தொட்டில் வரைக்கும் நடந்து வருவதும் ஊர் பார்க்கும் செயல்தான். வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. 1996இல் ஆட்சி மாறியபின் திட்டம் முனைப்பிழந்தது. 2001இல் மீண்டும் உயிர்பெற்று மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் விரிந்தது. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் மாநிலம் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதன் வழியே அரசின் கைக்கு வந்திருக்கிறார்கள். பலர் எடை குறைந்தும் நோயுற்றும் வந்தவர்கள், சிலர் பிழைக்கவில்லை. மணமாகாத தாய்மார்களின் குழந்தைகளும், உடற்குறையோடு பிறந்த ஆண் குழந்தைகளும் அந்தத் தொட்டில்களுக்கு வந்தார்கள்.

திட்டத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு கடுமையானது. 1998இல் உருவான பாலினத் தேர்வுக் கருக்கலைப்புக்கு எதிரான பிரச்சார இயக்கமும் பெண்கள் அமைப்புகளும், பெண் குழந்தையை வேண்டாம் என்று சொல்ல அரசே வசதி செய்துதருகிறது என்று வாதிட்டன. ஒதுக்குவது தவறில்லை, கொல்வதுதான் தவறு என்ற செய்தியே ஊருக்குப் போய்ச் சேரும் என்பது அவற்றின் கவலை. இந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இன்று இரவு பிறக்கும் குழந்தைக்கு, சமூகம் திருந்தும்வரை காத்திருக்க நேரமில்லை. தொட்டிலை ஓர் அவசரச் சிகிச்சையாகக் கருதினால் அதற்கு இடம் உண்டு. அதையே தீர்வு என்று அறிவித்து விழா எடுத்தது பிழை.

தொட்டில் அளவுக்குப் பெயர் பெறாத, ஆனால் அதைவிட ஆழமாக வேலை செய்த நடவடிக்கை ஒன்று உண்டு. அது கணக்கு. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழும் துணை நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரார் 'நர்சம்மா' என்று அழைக்கும் இந்தப் பெண், கருவுற்றவர்களைப் பதிவுசெய்து, தடுப்பூசி போட்டு, பிறப்பையும் இறப்பையும் ஏட்டில் எழுதுகிறார். 1990களின் நடுவில் அந்த ஏடுகளில் குழந்தை இறப்புக்கான காரணங்களில் ஒன்றாகச் 'சமூகக் காரணம்' என்பது எழுதப்பட்டது. காவல் துறைக்குப் போகாத, நீதிமன்றம் காணாத கொலைகள் இந்த இரண்டு சொற்களில் பதிவாயின. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவுகளை மாவட்டவாரியாகத் திரட்டி 1997இல் வெளியிட்டார்கள். மாநிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பெண் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. எந்த வட்டாரத்தில், எந்தச் சுகாதார நிலையத்தின் எல்லையில் என்றும் அந்த ஆய்வு காட்டியது. மதுரை முதல் வட ஆர்க்காடு வரையிலான பட்டை தெளிவாகப் புலப்பட்டது இதன் பின்னரே.

கணக்கு கிடைத்ததும் தலையிட வேண்டிய வீடும் தெரிந்தது. ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ பெண் குழந்தைகள் உள்ள, மீண்டும் கருவுற்ற தாய்மார்கள் 'கூடுதல் கவனம் தேவைப்படுவோர்' பட்டியலில் சேர்ந்தார்கள். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி போனார்கள். பிரசவம் மருத்துவமனையில் நடக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். குழந்தை வீடு திரும்பியபின் முதல் வாரங்களில் மீண்டும் மீண்டும் எட்டிப்பார்த்தார்கள். யாரோ ஒருவர் வந்து குழந்தையைக் கேட்பார் என்ற ஒரே எண்ணம் பல உயிர்களைக் காத்தது. பக்கத்துத் தருமபுரியில் 1997 முதல் 1999 வரை, டென்மார்க் அரசின் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் கலைப்பயணம் என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் தெருநாடகம் போட்டு ஊர் ஊராகச் சென்றார்கள். அங்கே சுகாதாரப் பதிவேடுகளில் இத்தகைய இறப்புகள் குறைந்தன. வீட்டு வாசலுக்கு வந்து பேசுவது பலன் தரும் என்பதற்குச் சேலம் வட்டாரத்துக்கு மிக அருகில் கிடைத்த சான்று அது.

செவிலியரின் இடத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவர் அதே ஊரில் அல்லது பக்கத்து ஊரில் வாழ்பவர். எழுதினால் பகை, எழுதாவிட்டால் மனச்சாட்சி. மேலதிகாரி 'உன் எல்லையில் இறப்பு ஏன் கூடுகிறது' என்று அதட்டினால், அடுத்த மாதம் 'சமூகக் காரணம்' என்பது 'எடைக் குறைவு' என்று மாறிவிடும். உண்மையான எண்ணை எழுதியவரைத் தண்டிக்காத நிர்வாகம் இருந்தால்தான் அந்த ஏட்டுக்குப் பொருள் உண்டு. சிசுக்கொலைத் தடுப்பின் வெற்றி தோல்விகள் பலவும் இந்த ஒரு புள்ளியில் முடிவாயின.

பண உதவித் திட்டங்கள் இன்னொரு பக்கம். தொட்டில் திட்டம் வந்த அதே 1992இல் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. பிற்காலத்தில் அதற்குச் சிவகாமி அம்மையார் நினைவுப் பெயர் சூட்டப்பட்டது. ஆண் குழந்தை இல்லாமல், ஒன்று அல்லது இரண்டு பெண் குழந்தைகளோடு கருத்தடை செய்துகொள்ளும் ஏழைக் குடும்பத்தின் பெண்ணுக்கு அரசு வைப்புத்தொகை போடுகிறது. 2011 முதல் ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இருவர் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய். பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி, 18 வயது நிறைந்தபின் வட்டியோடு பணம் கைக்கு வரும். பெண்ணைப் பள்ளியில் நிறுத்துவதற்கு இந்த நிபந்தனை உதவியது. ஆனால் வருமான வரம்புக்கு மேலே உள்ள குடும்பங்களுக்கு இது பொருந்தாது. இந்தச் சமவெளியில் சிக்கல் அங்கேயும் இருந்தது. கூடவே, முதிர்வுத் தொகை கல்யாணச் செலவுக்கென்றே பல வீடுகளில் நினைக்கப்பட்டது. அரசு கொடுத்த பணமும் சீர் கணக்கிலேயே சேர்ந்தது.

1990களின் பிற்பகுதியில் வன்முறை இடம் மாறத் தொடங்கியது. ஸ்கேன் கருவி சிறு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. பிறந்தபின் செய்த கொலையைச் செய்யத் தயங்கிய வசதியான வீடுகள், பிறக்கும் முன்பே முடிவெடுக்கும் வழியைக் கண்டன. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுகள் சில அது ஏட்டளவில் கிடந்தது. செஹாட், மாசூம் என்ற அமைப்புகளும் ஆய்வாளர் சாபு ஜார்ஜும் 2000இல் உச்ச நீதிமன்றத்தை நாடியபின்னரே மாநிலங்கள் ஸ்கேன் மையங்களைப் பதிவுசெய்யத் தொடங்கின. 2003இல் சட்டமும் திருத்தி இறுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம், பதிவில்லாத கருவிக்குப் பறிமுதல், முதல் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும், குற்றம் உறுதியான மருத்துவரின் பெயர் ஐந்தாண்டுகள் பதிவேட்டிலிருந்து நீக்கம் என்று அதன் விதிகள் அமைந்தன.

இச்சட்டத்தில் பாராட்ட வேண்டிய ஒரு கூறு உண்டு. கருவுற்ற பெண் கணவர் அல்லது உறவினரின் கட்டாயத்தால்தான் சோதனைக்கு வந்தாள் என்றே, மறுப்புச் சான்று இல்லாதவரை, நீதிமன்றம் கொள்ள வேண்டும். தாயை மட்டுமே கூண்டில் ஏற்றிய பழைய சிசுக்கொலை வழக்குகளோடு ஒப்பிட்டால் இது நேர்மையான திருப்பம். குற்றம் யாரிடமிருந்து புறப்படுகிறது என்பதைச் சட்டம் முதன்முறையாகச் சரியாக அடையாளம் கண்டது. அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் தேவை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு அளிக்கும் பாதுகாப்பான கருக்கலைப்பு வேறு, பாலினம் பார்த்துக் கலைப்பது வேறு. கண்காணிப்பு என்ற பெயரில் முன்னதைத் தடுத்தால், பெண்கள் உரிமமில்லாத கைகளிடம் போய் உயிரிழப்பார்கள்.

விளைவுகளை எண்களில் பார்க்கலாம். 2001இல் சேலம் மாவட்டத்தின் விகிதம் 851, நாமக்கல்லில் 889. மாவட்ட எல்லைகள் மாறியதால் 1991இன் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது; நிலைமை பெரிதாகத் தேறவில்லை என்பது மட்டும் தெளிவு. 2011இல் இரண்டு மாவட்டங்களும் 910ஐத் தாண்டின. அதே பத்தாண்டில் இந்தியாவின் சராசரி 927இலிருந்து 919ஆகச் சரிந்தது. தமிழகம் 942, 943 என்று ஒரே இடத்தில் நின்றது. நாடு சரிந்துகொண்டிருந்தபோது நாட்டிலேயே மோசமான இடங்களில் ஒன்று ஏறியது. இது சாதாரணமான சாதனை அல்ல. மருத்துவமனைப் பிரசவம் ஏறக்குறைய முழுமையானது, செவிலியரின் தொடர் வருகை, பெண் கல்வி, ஸ்கேன் மையங்களின் மேல் கண்காணிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து இதைச் செய்தன. தொட்டில் இதில் ஒரு சிறு பங்கு.

ஆனாலும் 910 என்பது போதிய எண் அல்ல. தமிழகத்தின் சராசரிக்கும் அது கீழேதான். கைக்கு அடக்கமான ஸ்கேன் கருவிகளோடு வீடு வீடாகச் செல்லும் கும்பல்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அண்மை ஆண்டுகளிலும் பிடிபட்டிருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் பிறக்காமலும் பிழைக்காமலும் போன பெண்களின் இடம் இப்போது கொங்கு நாட்டின் கல்யாணத் தரகர்களிடம் வெளிப்படுகிறது. பெண் கிடைக்காத நடுத்தர வயது விவசாயிகள் பாலக்காட்டுப் பக்கம் சென்று பெண் எடுக்கிறார்கள். பெண் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்புக் கூடும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தவர்கள் உண்டு. சீர் குறையவில்லை.

பெண்ணுக்கான சட்டங்களும் அலுவலகங்களும் இந்த முப்பது ஆண்டுகளில் பல வந்தன: 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிப் பிறகு வட்டத் தலைநகரங்கள் வரை பரவிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வரதட்சணைத் தடுப்பு அலுவலராகவும் செயல்படும் மாவட்ட சமூகநல அலுவலர். ஆனால் சிசுக்கொலையின் வேரைத் தொடக்கூடியது இவை எதிலும் சேராத வேறொரு சட்டம். 1989இல் மு. கருணாநிதியின் அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு தந்தது. மத்திய அரசு அதைச் செய்தது 2005இல்தான். நிலத்தில் பங்குள்ள மகள் வீட்டுக்குச் சுமையாகமாட்டாள். ஆனால் இந்தச் சமவெளியில் கல்யாணத்தின்போதோ தந்தை இறந்தபின்போ மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. சீர் கொடுத்தாயிற்று, பங்கு எதற்கு என்பது வாதம். பதிவுத் துறையில் அந்தப் பத்திரங்கள் எவ்வித விசாரணையும் இல்லாமல் பதிவாகின்றன. தொட்டிலுக்குச் செலவிட்ட அக்கறையில் ஒரு பகுதியை அரசு இங்கே செலவிட்டிருந்தால் பலன் இன்னும் கூடியிருக்கும்.

தொட்டில் முறையும் இப்போது சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன்பின்னரே குழந்தை தத்துக்குரியதாக அறிவிக்கப்படும். இந்த வழியைத் தெரியாதவர்களைத் தேடித்தான் தரகர்கள் வருகிறார்கள். 2019 ஏப்ரலில், பச்சிளம் குழந்தைகளை விலைக்கு விற்ற வலைப்பின்னல் ராசிபுரத்தில் வெளிப்பட்டபோது, ஏழைத் தாய்மார்களின் பெண் குழந்தைகளுக்கு நிறத்தையும் எடையையும் பார்த்து விலை வைத்தது தெரியவந்தது. குழந்தை பற்றிய எந்தத் தகவலையும் 1098 என்ற எண்ணிலும், சீர் கேட்டும் ஆண் குழந்தை கேட்டும் துன்புறுத்தப்படும் பெண்கள் 181 என்ற எண்ணிலும் எந்நேரமும் சொல்லலாம். இரண்டாவது பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு முதல் வாரத்தில் ஒருமுறை போய்க் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்கும் அக்கம்பக்கத்தார் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அரசாணை தேவையில்லை.